திருத்திய முகத்தை மீண்டும் திருத்துதல்

அறுவைச் சிகிச்சையால் ஒருவர் தம் முகத்தை மாற்றிக்கொள்வது தகுமா என்ற கேள்வியைச் சமய நூல்களும் மெய்யியல் நூல்களும் ஏதேனும் ஒரு வடிவில் பேசியே வந்துள்ளன. ஆயினும் அவ்வாறு மாற்றிக்கொண்ட முகம் மனத்துக்கு ஒவ்வாமல்போக, அதை இரண்டாம் முறையும் மாற்ற முனைபவரிடம் எழும் கேள்வி வேறொன்று என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. முதல் முறை அவர் குறைசொல்வது தாம் தேடிக்கொள்ளாத ஒன்றைப் பற்றி, அதாவது பெற்றோர் வழி வந்த, நம்பிக்கையுடையோர் இறைவன் தந்ததென்றோ வினைப்பயன் என்றோ கொள்ளும் ஓர் எலும்பமைப்பைப் பற்றி. இரண்டாம் முறை குறைசொல்லப்படுவதோ அவரே விரும்பி, பணம் கட்டி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுப் பெற்ற ஒன்று. ஆகவே, கிடைத்ததை ஏற்றுக்கொள் என்னும் பழைய அறிவுரை இங்கே எதை ஏற்கச் சொல்கிறது என்பதே தெளிவற்றுப் போகிறது: பிறந்த முகத்தையா, வாங்கிய முகத்தையா?

இக்கேள்வியை ஆராய்வதற்கு மோவாய் உள்வைப்பு மிகப் பொருத்தமானது. மோவாய் என்பது பேச்சுவழக்கில் முகவாய்க்கட்டை எனப்படும் கீழ்த்தாடையின் முன்முனை; அது உள்வாங்கிச் சிறுத்துத் தோன்றுபவர்களுக்கு, கீழ்த்தாடை எலும்பின் முன்பக்கத்தில் பிறை வடிவமான ஒரு துண்டைப் பொருத்தி முன்னுக்குக் கொண்டுவருவதே இந்தச் சிகிச்சை. நோயாளிகளும் மருத்துவர்களும் ‘இம்பிளான்ட்’ என்று சொல்லும் இத்துண்டு பெரும்பாலும் சிலிக்கோனால் ஆனது. நுண்துளைகள் கொண்ட பாலிஎதிலீனால் ஆனவையும் உண்டு. மோவாய்க்கு அடியில் தோல் மடிப்பில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறியோ, கீழுதட்டுக்கும் ஈறுக்கும் இடைப்பட்ட பள்ளத்தின் வழியாகவோ அதை உள்ளே செலுத்துவர். தாம்பரத்தைச் சுற்றிப் பள்ளிக்கரணை, இரத்தினமங்கலம் போன்ற இடங்களில் பல் மருத்துவக் கல்லூரிகள் இருப்பதாலும், அவற்றில் வாய், தாடை, முக அறுவைத் துறை பாடத்தின் பகுதியாகவே அமைவதாலும், தாடை எலும்பை அறுத்துச் சீரமைப்பது தென்சென்னைப் புறநகரில் அந்நியமான செய்தியன்று. விபத்தில் உடைந்த தாடைகளுக்காகப் பழகிய கைகளே அழகுக்கான தாடைகளையும் தொடுகின்றன.

மறுஅறுவைக்குரிய காலத்தைப் பற்றி மருத்துவம் வைத்திருக்கும் விதிகளை முதலில் விரிவாகவே நோக்க வேண்டும். ஏனெனில் மெய்யியல் சார்ந்த விடையின் பாதி அவற்றுள்ளேயே அடங்கியிருக்கிறது. உள்வைப்பைச் சுற்றிச் சீழ் பிடித்தாலும், இரத்தம் கட்டி வீங்கினாலும், துண்டு தோலையோ ஈறையோ துளைத்து வெளியே தலைகாட்டினாலும் காத்திருப்புக்கு இடமில்லை. உடனே திறக்க வேண்டும். தொற்று மருந்துக்கு அடங்காவிடில் துண்டை எடுத்துவிட்டு, புண் ஆறித் திசுக்கள் தெளிந்தபின், சில மாதங்கள் கழித்தே புதியதை வைப்பர். துண்டு ஒரு பக்கமாக நழுவியிருப்பது முதல் சில நாள்களிலேயே ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தாலும் விரைந்து சரிசெய்வதே எளிது. நாள் செல்லச் செல்ல உடல் அந்நியப் பொருளைச் சுற்றி நார்த்திசுவாலான ஓர் உறையைக் கட்டிக்கொள்கிறது, அது முதிர்ந்தபின் துண்டு நழுவிய இடத்திலேயே குடியேறிவிடும். இவையல்லாத எல்லாக் குறைகளுக்கும், அதாவது பெரிதாகத் தெரிகிறது, கூராகத் தெரிகிறது, ஒட்டாததுபோல் இருக்கிறது, எதிர்பார்த்தபடி இல்லை என்பன போன்றவற்றுக்கு, பொறுத்திருக்கச் சொல்வதே வழக்கம். பொதுவாகச் சொல்லப்படும் காலம் 6 மாதம் முதல் ஓராண்டு. வீக்கத்தின் பெரும்பகுதி சில வாரங்களில் வடிந்தாலும் எஞ்சியது மெல்லத்தான் கரைகிறது. கீழுதட்டுக்கும் மோவாய்த் தோலுக்கும் உணர்வு தரும் நரம்பு இழுபட்டிருந்தால் மரத்துப்போன தன்மை நீங்கப் பல மாதங்கள் ஆகலாம். கீழுதட்டை மேலே தாங்கி நிற்கும் மோவாய்த் தசை பழைய இயல்புக்குத் திரும்பும்வரை சிரிப்புக்கூட ஒருவருடைய சொந்தச் சிரிப்பாக இருப்பதில்லை.

காத்திருந்து தீர்மானித்தவருக்குரிய வழிகள் பல. துண்டு சரியான அளவினதாக இருந்து இடம் மட்டும் தவறியிருந்தால், உறையைத் திருத்தி, நடுவில் நிறுத்தி, எலும்போடு சிறு திருகாணியால் இறுக்கலாம். அளவே பிழையெனில் வேறு வடிவத்தினதாக மாற்றலாம். உள்வைப்பே வேண்டாமென்றால் அதை நீக்கிவிட்டு, மோவாய் எலும்பையே குறுக்காக அறுத்து முன்னுக்கு நகர்த்தி டைட்டானியம் தகட்டால் பொருத்தலாம். இம்முறையை ஹோஃபர் என்பவர் 1942இல் விவரித்தார், வாயின் உட்புறம் வழியாகவே அதைச் செய்யும் முறையை டிரவுனரும் ஓப்வெகெஸரும் 1957இல் வெளியிட்டனர். ஈடாக எதையும் வைக்காமல் நீக்கிவிடுவதும் ஒரு வழி. சிலிக்கோன் வழவழப்பானதாகையால் உறையிலிருந்து எளிதில் உருவப்படும். நுண்துளைப் பொருளினுள் திசு வளர்ந்து பின்னிக்கொள்வதால் அதை எடுப்பது கடினம். முதல் முறை எந்தப் பொருளைத் தேர்ந்தார்களோ அது இரண்டாம் முறைக்கான சுதந்திரத்தின் அளவை அன்றே குறித்துவிடுகிறது என்பதை முதல் கலந்தாய்வில் எடுத்துச் சொல்வோர் குறைவு.

இவ்விதிகளில் ஊன்றிக் கவனிக்கத்தக்கது, காலத்தைத் தீர்மானிப்பது குறையின் அளவன்று, அதன் வகை என்பது. கண்ணுக்குத் தெரியாத சிறு சீழ்க்கட்டி அன்றே கத்தியைக் கோருகிறது. ஒருவரின் உறக்கத்தையே கெடுக்கும் பெரும் அதிருப்தி ஓராண்டு காத்திருக்க வைக்கப்படுகிறது. இப்பிரிவினைக்கு இந்தியச் சிந்தனை மரபில் பழைய பெயர்களும் உண்டு. அவற்றைத் தாங்கிய கோயில் ஒன்று இதே புறநகரில் இருக்கிறது. நங்கநல்லூரில் ஒற்றைக் கல்லில் 32 அடி உயரத்தில் நிற்கும் ஆஞ்சநேயருக்கு 1995இல் குடமுழுக்கு நடைபெற்றது. அங்குள்ள இறைவனின் திருப்பெயர் ஆதிவியாதிஹர பக்த ஆஞ்சநேயர். இதில் ஆதி என்பது மனத்துயர், வியாதி என்பது உடல்நோய், இரண்டையும் போக்குபவர் என்பது பொருள். யோகவாசிட்டம் இவ்விரண்டையும் வேறு பிரித்துக் காட்டுவதோடு, மனத்துயரே முற்றி உடல்நோயாக வெளிப்படுவதுண்டு என்றும், அவ்வாறு பிறந்த நோய் அதன் வேர் அறும்போதுதான் அறும் என்றும் விளக்குகிறது. இப்பகுப்பு மோவாய் மறுஅறுவைக்கு அப்படியே பொருந்துகிறது: நழுவிய துண்டு வியாதி, நழுவாத துண்டின்மேல் எழும் வெறுப்பு ஆதி. சிக்கல் என்னவெனில், இரண்டும் கண்ணாடியின் முன்னால் ஒரே மொழியில் பேசுகின்றன.

அந்த ஆஞ்சநேயரின் வரலாறே ஒரு தாடையின் வரலாறு என்பதையும் இங்கே விட்டுவிட முடியாது. வால்மீகி இராமாயணத்தின் கிட்கிந்தா காண்டத்தில், இளஞ்சூரியனைப் பழமென்று கருதித் தாவிய குழந்தையை இந்திரன் வச்சிரத்தால் அடிக்க, மலையுச்சியில் விழுந்து இடத்தாடை சிதைந்தது என்றும், அனுமன் என்ற பெயர் அதனால் வந்தது என்றும் சாம்பவான் எடுத்துரைக்கிறார். வாயு சினந்து மூச்சை நிறுத்தியபின் தேவர்கள் வரிசையாக வந்து வரங்களை அள்ளிக் கொடுத்தனர். எந்த ஆயுதத்தாலும் சாகாமை, விரும்பியபோதே மரணம் என்றெல்லாம் வழங்கியவர்கள், தாடையைப் பழையபடி ஆக்குகிறோம் என்ற வரத்தை வழங்கியதாகக் கதை சொல்வதில்லை. அத்தனை ஆற்றல் உடையவர்கள் கூடியிருந்த இடத்தில் இது மறதியாக இருக்க முடியாது. சிதைவு குணமாகிவிட்டது, வடு நின்றது, நின்ற வடு பெயராயிற்று. பெயரான பின் அதைத் திருத்துவது யாரைக் குணப்படுத்தும் என்ற கேள்வி எஞ்சுகிறது. எனினும் இக்கதையைக் கொண்டு, உள்ளதை உள்ளபடி ஏற்பதே மரபின் தீர்ப்பு என்று முடிவுகட்டுவது அவசரம். சிதைந்த வடிவத்தைச் சீர்செய்வதைக் கடமையாகவே விதிக்கும் இன்னொரு மரபு அதே கோயில்களுக்குள் இயங்குகிறது.

அது ஆகமங்களும் சிற்ப நூல்களும் பேசும் சீர்ணோத்தாரணம், அதாவது பழுதுற்ற கோயிலையும் படிமத்தையும் புதுப்பிக்கும் முறை. பின்னமான சிலைக்கு, அதாவது உடைந்த சிலைக்கு, வழிபாடு தொடரக் கூடாது என்பது பொதுவிதி. விரல் நுனி, அணிகலன், ஆயுதம் போன்ற சிறு உறுப்புகள் சிதைந்தால் செப்பனிடலாம். தலை, கை, கால் போன்ற பேருறுப்பு உடைந்தால் பழைய சிலையை நீரிலோ நிலத்திலோ விட்டுப் புதியதை நிறுவ வேண்டும். திருப்பணி நடக்கும் காலத்தில் இறைவனின் சாந்நித்தியத்தை, அதாவது அருளிருப்பை, கும்பத்துக்கோ அத்திப் பலகையில் தீட்டிய உருவுக்கோ மாற்றிப் பாலாலயம் என்னும் தற்காலிகச் சந்நிதியில் வைத்து வழிபடுவர். வேலை முடிந்ததும் சிலையைப் பீடத்தோடு பிணைக்கும் அட்டபந்தன மருந்து சாத்தப்படும். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்தூள், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் சேர்த்து நெடுநேரம் இடித்து, சூடு ஆறுமுன் திரிபோல் உருட்டிச் சிலையின் அடிக்கும் பீடத்துக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் விரலால் அழுத்துவார்கள். காலப்போக்கில் அது காய்ந்து வெடிப்பதால் 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது புதுப்பிக்க வேண்டும் என்பது வழக்கம். பொருத்திய பொருள் தளர்வது இழிவன்று, மறுபடி பொருத்துவது பேராசையும் அன்று என்பதை இவ்வளவு அமைதியாக ஏற்றுக்கொண்ட வேறு மரபைக் காண்பது அரிது.

ஆயினும் அந்த அனுமதிக்கு உள்ள எல்லையும் அதே நூல்களில் தெரிகிறது. தானாகத் தோன்றிய சுயம்பு மூர்த்தங்களுக்கும், தேவரும் முனிவரும் நிறுவியதாகக் கொள்ளப்படுபவற்றுக்கும் மாற்று விதி பொருந்தாது. சிதைந்திருந்தாலும் அவை அவ்வாறே வழிபடப்படும். சென்னையின் வடமேற்கே திருமுல்லைவாயிலில் தொண்டைமானின் வாள் பட்டதாகச் சொல்லப்படும் இலிங்கம் அகற்றப்படவில்லை, சந்தனக் காப்பிட்டு ஆற்றப்படுகிறது. இதனினும் முக்கியமானது, திருப்பணியைத் தொடங்குவதற்கான காரணம் சிலையின் உடைவோ பந்தனத்தின் தளர்வோதான். பார்ப்பவரின் சலிப்பு அன்று. முழுமையாக இருக்கும் மூலவரின் முகம் ஊராருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக எந்தத் தலத்திலும் பாலாலயம் வைப்பதில்லை. உடலைக் கோயிலாகக் கருதும் தமிழ்ச் சைவ மரபைப் பின்பற்றுவோர் அந்த உவமையை வழிபாட்டின் பொருட்டு மட்டும் நினைவுகூராமல் திருப்பணி விதிகள்வரை கொண்டுசெல்வார்களானால், மறுஅறுவை பற்றிய தெளிவான நிலைப்பாடு ஒன்று அவர்கள் கையிலேயே இருக்கிறது.

இஸ்லாமிய மரபில் இக்கேள்விக்கு இன்னும் நேரடியான முன்னுதாரணம் கிடைக்கிறது. முதல் பல்லவக் குடைவரைகளுள் ஒன்றாகிய மகேந்திரவர்மன் காலக் குகை இன்று தர்காவாக வழங்கும் பல்லாவரத்தில் (கல்லுக்கும் மறுவாழ்வு உண்டு) தொழுகைக்குச் செல்வோர் அறிந்த நபிமொழித் தொகுப்புகளுள் அபூதாவூதும் திர்மிதியும் அர்ஃபஜா என்ற நபித்தோழரின் செய்தியைப் பதிவுசெய்கின்றன. இஸ்லாத்துக்கு முந்தைய குலாப் போரில் மூக்கை இழந்த அவர் வெள்ளியால் மூக்கு செய்து பொருத்திக்கொண்டார், அது நாற்றமெடுத்தது, தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபிகள் கட்டளையிட்டார். பொருள் ஒவ்வாமையால் நேர்ந்த இந்த மாற்றத்தை மறுஅறுவையின் மிகப் பழைய சமய ஆவணங்களுள் ஒன்றாகக் கொள்ளலாம். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும் இங்கே விலக்கு தளர்த்தப்பட்டது. முதல் திருத்தம் தோற்றதால் திருத்திக்கொள்ளும் உரிமை தீர்ந்துபோகவும் இல்லை. மறுபுறம், அழகுக்காகப் பற்களிடையே இடைவெளி உண்டாக்கி இறைவனின் படைப்பை மாற்றுவோரைக் கண்டிக்கும் நபிமொழியும் உள்ளது. சட்ட அறிஞர்கள் இரண்டையும் இணைத்து, இழப்பை ஈடுசெய்வதையும் அழகை மிகுவிப்பதையும் வேறாக வைத்தனர். இந்தக் கோடு வகுக்கப்பட்ட அளவுக்கு நடைமுறையில் தெளிவானதன்று. முதல் அறுவையை அழகுக்காகச் செய்துகொண்டவருக்கு அதனாலேயே ஒரு கோணல் நேர்ந்தால், அக்கோணலை நீக்குவது இழப்பின் ஈடுதானே? அர்ஃபஜாவின் தங்க மூக்கு அவர் பக்கம் நிற்பதாகவே தோன்றுகிறது. தொடக்கத்தின் நோக்கம் எதுவாயினும் நாறும் மூக்கு நாறும் மூக்குதான்.

பரங்கிமலையோடு மரபு இணைத்துப் பேசும் தோமாவின் செய்தியைக் கிறித்தவர்கள் ஐயத்தின் கதையாகவே பெரிதும் எடுத்துரைப்பர். ஆனால் யோவான் நற்செய்தியின்படி உயிர்த்தெழுந்த இயேசுவின் உடலும் ஆணிக் காயங்களோடு இருந்தது என்பதே உடலைப் பற்றிய ஆய்வுக்கு முதன்மையானது. இறுதி உயிர்ப்பில் உடற்குறைகள் நீங்கும் என்று ‘கடவுளின் நகர’த்தில் வாதிட்ட அகுஸ்தீன், மறைசாட்சிகளின் வடுக்கள் மட்டும் நிற்கக்கூடும், அவை குறையல்ல, அழகு என்றார். எந்த அடையாளம் குறை, எது அழகு என்பதைத் தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது, அது எவ்வாறு வந்தது என்பதைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்ற கருத்து இதில் உள்ளது. அனுமனின் தாடையும் இதையே சொல்கிறது. விரும்பி வாங்கிய மோவாய்க்கு அத்தகைய வரலாறு இல்லை என்பதே அதன் தனி இடர்.

இனி, சரியான மோவாய் என்பது எது? அறுவை மருத்துவர்கள் முகத்தைக் குறுக்காக மூன்று சம பங்காக்கி, மூக்கின் அடியிலிருந்து மோவாய்வரை உள்ளது மூன்றில் ஒன்றா என்று பார்க்கின்றனர். பக்கவாட்டில் மூக்கு நுனிக்கும் மோவாய்க்கும் கோடு இழுத்து உதடுகளின் நிலையை அளக்கின்றனர். சிற்ப நூல்களின் தாளமான முறையும், அதாவது முகத்தின் நீளத்தையே அலகாகக் கொண்டு உடலை அளக்கும் முறையும், முகத்தை நெற்றி, மூக்கு, மூக்கின் அடிமுதல் மோவாய்வரை என மூன்று சம பங்காகவே பிரிக்கிறது. இந்த ஒற்றுமை வியப்பூட்டினாலும் ஒரு வேறுபாடு அதைவிடப் பெரிது: சிற்பிகள் உயர்ந்த தெய்வங்களுக்குப் பத்துத் தாளமும் கணபதிக்கு ஐந்து தாளமும் என வடிவத்துக்கு வடிவம் அளவை மாற்றினார்கள், மானிடர் எவரையும் அந்த அளவுக்கு வெட்டிச் சீராக்கச் சொல்லவில்லை. பக்கவாட்டுக் கோட்டின் அளவுகளோ பெரிதும் ஐரோப்பிய வழியினரின் முகங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. தென்னிந்திய முகத்தில் உதடுகள் சற்று முன்தள்ளி நிற்பதைக் குறையாகக் காட்டி, அதற்கு ஈடாக மோவாயை நீட்டச் சொல்லும் அபாயம் அவற்றில் உண்டு. மறுஅறுவை தேடி வருவோரில் ஒரு பகுதியினர் உண்மையில் வேறு யாருக்கோ வகுத்த கோட்டுக்குத் தாம் பொருந்தியதைப் பற்றித்தான் முறையிடுகின்றனர் என்று கருத இடமிருக்கிறது.

பல்லாவரம் இவ்விடத்தில் எதிர்பாராத சான்று ஒன்றைத் தருகிறது. 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபுட் இந்தியாவின் பழைய கற்காலக் கருவியை முதலில் அடையாளம் கண்டது அங்கேதான். அவரே அவ்வாண்டில் கண்டறிந்த அதிரம்பாக்கத்தில் அத்தகைய கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்டனர். அவற்றைச் செய்தவர்களுக்கு மோவாய் இல்லை. முன்துருத்திய மோவாய் நம் இனத்துக்கு மட்டுமே உரியது. நியாண்டர்தால் மனிதருக்கும் அது கிடையாது. அது எதற்காக வந்தது என்பதில் அறிவியலார்க்கு உடன்பாடில்லை; பல் தாங்கும் பகுதியும் தாடையும் வெவ்வேறு வேகத்தில் வளர்வதன் எச்சமே அது, தனக்கென ஒரு பயன் கொண்டதன்று என்று கூல்டும் லெவண்டினும் 1979இல் எடுத்துக்காட்டினர். எனவே உள்வைப்பை எதிர்ப்போர் சொல்லும் இயற்கை நோக்கமும், ஆதரிப்போர் சொல்லும் உறுதி, ஆண்மை, ஆளுமை முதலிய பொருள்களும் மோவாயின்மேல் நாம் ஏற்றியவையே.

ஏற்றியது என்பதால் அது பொய்யாகிவிடாது. ஆனால் ஏற்றியவர் மனம் மாறினால் அதுவும் மாறும். இங்கேதான் காத்திருப்பு மருத்துவத்தின் எல்லையைக் கடந்த பொருளைப் பெறுகிறது. வீக்கம் வடிவதற்கென்று வகுத்த அந்த ஓராண்டில் தீர்ப்பு சொல்பவரும் மாறுகிறார். வீக்கமுள்ள முகத்தைப் பார்ப்பவர் இன்னும் புண்ணைத்தான் பார்க்கிறார். ஆதியும் வியாதியும் பிரிந்து தெரிவது இந்த இடைவெளியில்தான். ஓராண்டுக்குப் பின்னும் ஸ்கேனில் கோணல் தெரிந்தால் அது கோணல். கோணல் எதுவுமின்றி வெறுப்பு மட்டும் வளர்ந்து, நாள் முழுதும் கண்ணாடியைத் தேட வைத்து, இப்போது மூக்கும் சரியில்லை என்று இடம் மாறினால், அது மனநல மருத்துவம் உடல் உருவக் குலைவு எண்ணம் என்று விவரிக்கும் கோளாறாக இருக்கக்கூடும், அதற்கு அறுவை மருந்தாவது அரிது. அத்தகையவரைத் திருப்பி அனுப்பும் மருத்துவர் அவருடைய விருப்புரிமையை மறுக்கிறார் என்று வாதிடுவோர் உண்டு. விருப்பம் எது, நோய் எது என்று பிரித்தறியும் பொறுமையைக் காட்டாமல் உரிமையைப் பேசுவது, பணம் கட்டும் கவுண்டரில் மட்டும் எடுபடும் வாதம்.

எஞ்சியது, நீக்கம் என்னும் வழி. எடுத்துவிட்டால் பழைய முகம் கிடைக்கும் என்று பலரும் நம்புகின்றனர். அது அவ்வாறு நிகழ்வதில்லை. பெரிய துண்டால் விரிந்த தோலும் பிரிக்கப்பட்ட தசையும் ஆதாரம் இழந்து தொங்கக்கூடும், அதனால் தசையை மீண்டும் எலும்போடு தைத்து நிறுத்த வேண்டியிருக்கும். துண்டு அழுத்திய இடத்தில் எலும்பு சற்றுக் கரைந்து பள்ளமாகியிருப்பதும் உண்டு. தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்கிவரும் தாம்பரம் சானடோரியத்தில் சித்தர்களுள் ஒருவராகப் போற்றப்படும் திருமூலரின் வரலாறு, திரும்பக் கிடைக்காத உடலைப் பற்றியது. மேய்ப்பன் மூலன் இறக்க, கதறிய பசுக்களின் துயர் தீர்க்க அவனுடலில் புகுந்த யோகியார், பின்னர்த் தம் உடலை வைத்த இடத்தில் அதைக் காணாமல், மூலன் உடலிலேயே எஞ்சிய காலம் முழுதும் இருந்தார் என்று பெரிய புராணம் சொல்கிறது. இதை மறுஅறுவைக்கு ஆறுதலாக எடுத்துக்காட்டுவோர், அவர் அந்த உடலைத் தம் முகம் பிடிக்காமல் தேர்ந்துகொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டாம் கலந்தாய்வில் பழைய புகைப்படங்களை மேசைமேல் பரப்பி வைப்பவரிடம், திருகாணியால் இறுக்குவது, மாற்றுத் துண்டு வைப்பது, எலும்பை நகர்த்துவது, நீக்குவது ஆகிய நான்கில் எதுவும் அந்தப் படத்திலுள்ள முகத்துக்கு இட்டுச்செல்லாது என்பதை மருத்துவர் ஒப்புதல் படிவத்தை நீட்டுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.